நீள ஏ-ஆர்ம் போட்ட குவாட்: முன் ஷாக்குக்கு ஸ்பிரிங்கும் வால்விங்கும் பொருத்துவது எப்படி

ஸ்போர்ட் குவாடுக்கு (நான்கு சக்கர ஆஃப்-ரோடு வண்டி) +2 ஏ-ஆர்ம், அதாவது பக்கத்துக்கு 2 அங்குலம் நீண்ட முன் சக்கரத் தாங்கி, வாங்கி மாட்டியவர்களில் பெரும்பாலானோர் அடுத்துச் செய்வது ஒன்றுதான். முன்பக்கம் தாழ்ந்திருப்பதைப் பார்த்து, ஷாக்கின் பிரீலோடு காலரை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் வளையத்தை) இறுக்கிப் பழைய உயரத்துக்கு ஏற்றிவிட்டு ஓட்டத் தொடங்குவார்கள். உயரம் சரியாகிவிடும். வேறெதுவும் சரியாகாது. குதித்து இறங்கினால் அடி தட்டும், சின்னச் சின்ன மேடுகளில் ஹேண்டில் கையை உலுக்கும், கிளிக்கரை (ஷாக்கின் எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகை) எந்தப் பக்கம் திருப்பினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. இதில் ஷாக்கின் மேல் தப்பில்லை. ஆர்ம் நீண்டதும் சக்கரத்துக்கும் ஷாக்குக்கும் இடையிலான நெம்புகோல் கணக்கு மாறிவிட்டது. ஸ்பிரிங்கும், ஷாக்குக்குள் எண்ணெய் ஓட்டத்தைத் தடுத்து அசைவை அடக்கும் வால்விங்கும் மட்டும் பழைய கணக்கிலேயே இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து, ஒரே விகிதத்தில் மாற்ற வேண்டும்.

எண்களோடு பார்த்தால்தான் இது பிடிபடும். 2004-ல் வந்த யமஹா ஒய்எஃப்இசட்450-ஐ எடுத்துக்கொள்வோம். அகலம் 46 அங்குலம், முன் சக்கரப் பயணம் சுமார் 230 மி.மீ. பக்கத்துக்கு 2 அங்குலம் கூட்டினால் 50 அங்குல அகலம் வரும். மோட்டோகிராஸ் ஓட்டுகிறவர்கள் விரும்பும் அளவு அது. அமெரிக்கக் காட்டுப் பாதைகளில் பலவற்றில் 50 அங்குலத்துக்கு மேல் அகலமான வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பதால் அங்கே ஓட்டுகிறவர்களும் இந்த எல்லையைத் தாண்ட மாட்டார்கள். கீழே ஆர்ம் நீளத்துக்கும் மோஷன் ரேஷியோவுக்கும் ஸ்பிரிங்குக்கும் தந்திருப்பவை கணக்கு புரிவதற்கான வட்ட எண்கள். உங்கள் வண்டிக்கு உங்கள் அளவுகளைப் போட்டே கணக்கிட வேண்டும்.

எந்த வகை ஆர்ம் என்று முதலில் பாருங்கள்

சந்தையில் இரண்டு வகை இருக்கிறது. ஸ்டாண்டர்டு டிராவல் ஆர்ம் கம்பெனி ஷாக்கின் நீளத்துக்கே பொருந்தும். பால் ஜாயிண்ட் வெளியே தள்ளிப்போகும், ஷாக் மாட்டும் காது கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே இருக்கும். லாங் டிராவல் ஆர்மில் அந்தக் காதும் இடம் மாறும், நீளமான ஷாக் தேவைப்படும். லாங் டிராவல் வாங்குகிறவர்கள் ஷாக்கை அந்த ஆர்ம் தயாரிப்பாளரின் அளவுக்கே கட்டச் சொல்ல வேண்டும். இரண்டு கம்பெனிகளின் +2+1 ஆர்ம் (2 அங்குலம் வெளியே, 1 அங்குலம் முன்னால்) பெயரளவில்தான் ஒன்று. காது சில மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் உயரமும் பயணமும் மாறிவிடும். ஒரு ஆர்முக்காகக் கட்டிய பழைய ஷாக்கை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி இன்னொன்றில் மாட்டுவதில் பணம் மிச்சமாவது அபூர்வம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். வீல் ஸ்பேசர் போட்டாலும், ஆஃப்செட் மாறிய ரிம் போட்டாலும் ஸ்பிரிங் மெத்தென்று ஆகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் ஏறக்குறைய இணையாக இருக்கும் வண்டியில் அப்படி ஆகாது. சக்கரமும் ஸ்பிண்டிலும் ஒன்றாக மேலும் கீழும் போகின்றன. டயர் 40 மி.மீ. வெளியே இருந்தாலும் அது ஏறும் உயரம் பால் ஜாயிண்ட் ஏறும் உயரம்தான். ஸ்பேசர் ஸ்டியரிங்கைக் கனமாக்கும், பேரிங்கைச் சீக்கிரம் தேய்க்கும், ஆனால் மோஷன் ரேஷியோவை மாற்றாது. ஆர்மின் நீளம்தான் அதை மாற்றும்.

மோஷன் ரேஷியோவை அளப்பது

சக்கரம் இவ்வளவு ஏறினால் ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்பதே மோஷன் ரேஷியோ. ஷாக் அமுங்கிய அளவைச் சக்கரம் ஏறிய அளவால் வகுத்தால் கிடைக்கும். ஆர்மின் வரைபடத்திலிருந்து கணக்கிடலாம்தான், ஆனால் ஷாக் சாய்ந்து நிற்பதால் கோணமும் சேர்ந்து குழப்பும். நேரடியாக அளப்பதே மேல்.

வண்டியின் ஃபிரேமை ஸ்டாண்டில் ஏற்றி அசையாமல் நிறுத்துங்கள். ஒரு பக்க ஷாக்கைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, வெறும் ஷாக்கைத் திரும்ப மாட்டுங்கள். ஸ்டியரிங் நேராக இருக்கட்டும். ஷாக் முழுக்க நீண்ட நிலையில் ஆக்சில் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்றும், ஷாக்கின் இரு கண் போல்ட்டுகளுக்கு இடையே எவ்வளவு நீளம் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஹப்புக்குக் கீழே ஜாக் வைத்து 25 மி.மீ. ஏற்றுங்கள், மறுபடி ஷாக்கின் நீளத்தை அளங்கள். இப்படியே 25 மி.மீ. இடைவெளியில் ஷாக் முட்டும்வரை. கேஸ் ஏற்றிய ஷாக் ஜாக்கை எதிர்த்துத் தள்ளும், பயப்பட வேண்டாம். அந்தத் தள்ளலுக்கும் கணக்கில் இடமுண்டு, பின்னால் வருகிறது.

சக்கரம் 100-லிருந்து 125 மி.மீ.க்கு ஏறும்போது ஷாக்கின் நீளம் 412-லிருந்து 399.5 ஆகக் குறைந்தது என்றால், அந்த இடத்தில் ரேஷியோ 12.5-ஐ 25-ஆல் வகுக்க 0.50. பயணம் முழுக்க எண் ஒரே மாதிரி இருக்காது. மேலே போகப்போக எண் கூடினால் ஆர்மே கொஞ்சம் இறுக்கத்தைத் தந்துவிடும். எண் குறைந்தால், அதாவது ஷாக் மேலும் மேலும் படுத்துக்கொண்டால், பயணத்தின் கடைசியில் ஸ்பிரிங்கும் பம்ப் ஸ்டாப்பும் (கடைசி அடியைத் தாங்கும் ரப்பர்)தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். இந்தப் பட்டியலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் வாங்கும்போதும் வால்விங் போடும்போதும் முதலில் கேட்கப்படுவது இதுதான்.

ஜாக்கில் ஏற்றும்போதே மற்றதையும் பார்த்துவிடலாம். முழுக்கத் தொங்கும் நிலையில் பால் ஜாயிண்ட் முட்டுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, டை ராடு ஆர்மில் உரசுகிறதா; முழுக்க ஏறிய நிலையில் ஷாக்கின் உடலோ ரிசர்வாயரோ மேல் ஆர்மில் தட்டுகிறதா, டயர் பிளாஸ்டிக்கில் படுகிறதா. ஸ்டியரிங்கை இரு கடைசிக்கும் திருப்பி மறுபடியும் பாருங்கள். பால் ஜாயிண்ட்தான் பயணத்தை நிறுத்துகிறது என்றால் அந்த ஜாயிண்ட் ஒருநாள் பாய்ந்த இடத்தில் கழன்று வரும். நிறுத்த வேண்டியது ஷாக். ஃபோர்வீல் டிரைவ் யூட்டிலிட்டி வண்டியானால் சிவி ஜாயிண்டின் கோணமே எல்லை. அங்கே பயணத்தைக் கூட்டும் ஆசை வேண்டாம்.

0.868 இரண்டு முறை வருகிறது

பிவட்டிலிருந்து பால் ஜாயிண்ட் வரை பழைய ஆர்ம் 330 மி.மீ., புதியது 380 மி.மீ. என்று வைப்போம். ஷாக்கின் காது அசையவில்லை. 330-ஐ 380-ஆல் வகுத்தால் 0.868. பழைய ரேஷியோ 0.576 என்றால் புதியது 0.50.

சக்கரத்தில் தெரியும் இறுக்கம், அதாவது வீல் ரேட், ஸ்பிரிங் ரேட்டை மோஷன் ரேஷியோவின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும். வர்க்கம் ஏன்? ஷாக் குறைவாக அமுங்குவதால் ஸ்பிரிங்கின் விசை ஒருமுறை குறைகிறது. அந்த விசை நீண்ட ஆர்ம் வழியாகச் சக்கரத்துக்கு வரும்போது இன்னொருமுறை குறைகிறது. பழைய ஸ்பிரிங் 16.5 நியூட்டன்/மி.மீ. என்றால் வீல் ரேட் முன்பு 5.47, இப்போது 4.13. கால் பங்கு போய்விட்டது. பழைய வீல் ரேட்டைத் திரும்பப் பெற 16.5-ஐ 1.33-ஆல் பெருக்கி, 21.9 நியூட்டன்/மி.மீ. ஸ்பிரிங் வேண்டும். பவுண்டுக் கணக்கில் 94 இருந்த இடத்தில் 125. ஒரு பவுண்டு/அங்குலம் என்பது 0.175 நியூட்டன்/மி.மீ.; ஜப்பானியக் கையேடுகளில் வரும் 1 கிலோ/மி.மீ. என்பது 56 பவுண்டு/அங்குலம்.

டேம்பிங்குக்கும், அதாவது அசைவை அடக்கும் எண்ணெய் எதிர்ப்புக்கும், இதே கதி. சக்கரம் அதே வேகத்தில் ஏறினாலும் ஷாஃப்ட் (ஷாக்குக்குள் போய்வரும் தண்டு) முன்பைவிட மெதுவாக நகர்கிறது. அதனால் எண்ணெய் தரும் எதிர்ப்பு குறைவு, அதுவும் ஆர்ம் வழியே இன்னொருமுறை குறைந்தே சக்கரத்துக்கு வருகிறது. ஆகவே கம்ப்ரெஷனும் (அமுங்கும்போது வரும் எதிர்ப்பு) ரீபவுண்டும் (நீளும்போது வருவது), இரண்டுமே, அதே ஷாஃப்ட் வேகத்தில் சுமார் 1.33 மடங்கு ஆக வேண்டும்.

ஆர்ம் மாறாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றும்போது கணக்கு வேறு. ஓட்டுநர் கனமானவர் என்றோ பெரிய ஜம்ப்புக்கு என்றோ ஸ்பிரிங்கை 20 சதவீதம் ஏற்றினால், ரீபவுண்ட் அதன் வர்க்கமூல அளவுக்கு, சுமார் 10 சதவீதம் ஏறினால் போதும். பல சமயம் அதைக் கிளிக்கரிலேயே முடித்துவிடலாம். இந்த இரண்டு நிலைமையையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் “ஸ்பிரிங் மாற்றினேன், கிளிக்கரில் சமாளித்தேன்” என்று ஒருவர் சொல்லும் அறிவுரை இன்னொருவருக்குப் பலிப்பதில்லை.

எடை, சேக், முதல் ரேட்

இரண்டு முன் சக்கரங்களுக்கும் கீழே வீட்டில் எடை பார்க்கும் மெஷின் ஒவ்வொன்று வையுங்கள். பின் சக்கரங்களுக்குக் கீழே அதே தடிமனில் பலகை. பெட்ரோல் பாதி டேங்க், ஓட்டுநர் ஹெல்மெட்டும் பூட்ஸும் போட்டு, ஃபுட்பெக்கில் நின்று, வழக்கமாக ஓட்டும் சாய்வில். உட்கார்ந்து எடுத்த எண் பின்பக்கம் சாயும். வண்டி 185 கிலோ, ஆள் 90 கிலோ, முன்பக்கம் 46 சதவீதம் என்றால் ஒரு முன் சக்கரத்துக்கு 63 கிலோ. அதில் டயர், ரிம், ஹப், ஸ்பிண்டில், பிரேக், ஆர்மின் பாதி எல்லாம் சேர்த்து 13 கிலோவைக் கழித்தால், ஸ்பிரிங் தாங்க வேண்டியது 50 கிலோ, அதாவது 490 நியூட்டன்.

ஷாக்கில் அது 490-ஐ 0.50-ஆல் வகுக்க 980 நியூட்டன். இதில் ஒரு பங்கை ஷாக்குக்குள் அடைத்திருக்கும் நைட்ரஜன் தாங்குகிறது. 14 மி.மீ. ஷாஃப்டின் குறுக்குப் பரப்பு 154 சதுர மி.மீ.; 150 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அது 160 நியூட்டன் தள்ளும். மிச்சம் 820. 21.9 ஸ்பிரிங்கில் 820-ஐத் தாங்க 37 மி.மீ. அமுங்க வேண்டும், சக்கரத்தில் 75 மி.மீ. ஷாக்கின் ஸ்ட்ரோக் 132 மி.மீ. என்றால் சக்கரப் பயணம் இப்போது 264. அதில் 75 என்பது 28 சதவீதம். மோட்டோகிராஸுக்கு ஓட்டுநர் ஏறிய சேக், அதாவது எடையால் அமுங்கும் அளவு, 28 முதல் 33 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல தொடக்கம். பிரீலோடு கிட்டத்தட்ட தேவையே இல்லை. ஸ்பிரிங் ஆடாமல் இருக்க 1, 2 மி.மீ. போதும்.

பழைய 16.5 ஸ்பிரிங்கையே வைத்துக்கொண்டு காலரை இறுக்கினால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். ஷாக்கில் அதே 37 மி.மீ. சேக் கிடைக்க ஏறத்தாழ 12 மி.மீ. பிரீலோடு வேண்டும். அதனால் ஸ்பிரிங் இறுக்கமாகிவிடவில்லை; ஷாக் முழுக்க நீண்ட நிலையிலேயே கேஸையும் சேர்த்து சுமார் 360 நியூட்டன் தள்ளிக்கொண்டு நிற்கிறது. பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்கும்போது ‘டொக்’ என்று டாப்-அவுட் ஆகும் (முழுக்க நீண்டு முட்டும்), சின்ன மேட்டுக்கு அசைய மறுக்கும், பெரிய அடிக்கு நில்லாமல் ஓடும்.

நானாக இருந்தால் முழு 1.33-க்கு உடனே போக மாட்டேன். டிராக் அகலமானதால் வளைவில் சாய்வதற்கு எதிரான பிடி, அதே வீல் ரேட்டிலேயே, சுமார் 20 சதவீதம் கூடியிருக்கும். காட்டுப் பாதையில் வேரும் கல்லும் மிதித்துப் போகிறவருக்கு 1.25 மடங்கு போதும். ஜம்ப்பும் வேகமான வளைவும் இருக்கும் டிராக்கில் 1.33. மணல்மேட்டில் இரண்டுக்கும் நடுவே.

டெண்டரும் மெயினும்

ஒரே ஸ்பிரிங்கில் சின்ன மேட்டுக்கு மென்மையும் பெரிய ஜம்ப்புக்குத் தாக்குப்பிடிப்பும் கிடைக்காது. அதனால்தான் இந்த ஷாக்குகளில் மேலே டெண்டர் என்ற குட்டி ஸ்பிரிங்கும் கீழே மெயின் ஸ்பிரிங்கும் அடுக்கியிருக்கும். இரண்டும் சேர்ந்து அமுங்கும்வரை ரேட் குறைவு. டெண்டர் தன் எல்லையைத் தொட்டதும் மெயின் மட்டுமே வேலை செய்யும், ரேட் தாவும். அந்தத் தாவும் இடத்தை முடிவு செய்வது கிராஸ்ஓவர் ரிங்.

சேர்ந்த ரேட்டுக்கு இரண்டையும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 225 பவுண்டு டெண்டரும் 280 பவுண்டு மெயினும் போட்டால் 63,000-ஐ 505-ஆல் வகுக்க 125 பவுண்டு. நமக்கு வேண்டிய 21.9 நியூட்டன்/மி.மீ. தாவிய பிறகு 280 பவுண்டு, அதாவது 49. இங்கே பலர் தடுக்கி விழுவது: சேர்ந்த ரேட் எப்போதும் இரண்டில் மெத்தான ஸ்பிரிங்கையும்விடக் குறைவு. மெயினை மட்டும் இறுக்கமாக்கி ஆரம்பம் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஆரம்பமும் ஏறும், உயரமும் மாறும்.

கிராஸ்ஓவரை எங்கே வைப்பது? சேக் 37 மி.மீ.யில், அதற்கு வெகு அருகில் தாவினால் ஒவ்வொரு மேட்டிலும் அடி தெரியும். ஸ்ட்ரோக்கின் மூன்றில் இரண்டு பங்கு, நம் உதாரணத்தில் 90 மி.மீ., நல்ல தொடக்கம். 90 மி.மீ. மொத்த அமுங்கலில் டெண்டரின் பங்கு 280-ஐ 505-ஆல் வகுத்து 55 சதவீதம், அதாவது 50 மி.மீ. ஆகவே ஷாக் முழுக்க நீண்டு, பிரீலோடும் போட்ட நிலையில், ரிங்குக்கும் டெண்டரின் நடு ஸ்லைடருக்கும் இடையே 50 மி.மீ. இடைவெளி விடுங்கள். கடைசிவரை அமுங்கினால் ஷாக்கில் ஸ்பிரிங் விசை சுமார் 4,000 நியூட்டன், சக்கரத்தில் 2,000. நிற்கும்போது தாங்கிய 490-ஐப் போல் நான்கு மடங்குக்கு மேல்.

டெண்டர் முழுக்க அமுங்கி சுருள்கள் ஒன்றையொன்று தொடுவதற்கு முன்பே ரிங் பிடித்துவிட வேண்டும். டெண்டரின் வெறும் நீளத்திலிருந்து சுருள்கள் ஒட்டிய நீளத்தைக் கழியுங்கள். அது, ரிங் இடைவெளி 50, பிரீலோடில் டெண்டரின் பங்கு, இன்னும் 4 மி.மீ. எல்லாம் சேர்ந்ததைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். மெயினுக்கும் இதே சோதனை. அது கடைசியில் 82 மி.மீ. அமுங்கும். சுருள் ஒட்டினால் அந்த அடி ஷாக்கின் கண்ணிலும் ஃபிரேம் பிராக்கெட்டிலும் இறங்கி, வெல்டில் வெடிப்பு விடும்.

எண் அழிந்துபோன பழைய ஸ்பிரிங் கையில் இருந்தால் கம்பியின் தடிமனிலிருந்து ரேட் கணக்கிடலாம். கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கை 79,300-ஆல் பெருக்கி, அதை 8, சுருளின் சராசரி விட்டத்தின் மூன்றாம் அடுக்கு, வேலை செய்யும் சுருள்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றின் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். கம்பி 10 மி.மீ., சராசரி விட்டம் 66 மி.மீ., 8 சுருள் என்றால் 43 நியூட்டன்/மி.மீ. நான்காம் அடுக்கு என்பதால் பெயிண்ட் தடிமனையும் சேர்த்து 0.2 மி.மீ. தப்பாக அளந்தால் விடை 8 சதவீதம் தவறும். பெயிண்டைச் சுரண்டிவிட்டு மைக்ரோமீட்டரில் அளங்கள். பிரஸ்ஸில் எடை மெஷின் மேல் வைத்து 25 மி.மீ. அமுக்கி அளப்பது இன்னும் நம்பகமானது. ஆனால் ஸ்பிரிங் நழுவினால் ஆளை அடிக்கும். இரு முனையிலும் தட்டு வைத்து நடுவில் ராடு செருகாமல் செய்யாதீர்கள்.

வால்விங்: கிளிக்கரால் ஏன் முடியாது

ரிசர்வாயரில் இருக்கும் கம்ப்ரெஷன் கிளிக்கர் வழியாகப் போவது, ஷாஃப்ட் உள்ளே நுழைவதால் வெளியே தள்ளப்படும் எண்ணெய் மட்டுமே. 46 மி.மீ. பிஸ்டனின் பரப்பு 1,662 சதுர மி.மீ.; 14 மி.மீ. ஷாஃப்டின் பரப்பு 154. ஒன்பது சதவீதம்! மீதி எண்ணெய் முழுக்கப் பிஸ்டனின் துளைகள் வழியாக, அங்கே அடுக்கியிருக்கும் ஷிம்களை (மெல்லிய வட்டத் தகடுகளை) வளைத்துக்கொண்டு போகிறது. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் டேம்பிங்கைக் கிளிக்கரிலிருந்து எதிர்பார்த்தால் அதை முழுக்க மூட வேண்டிவரும். அப்போது மெதுவான அசைவுகள் மட்டும் விறைத்துப்போகும், வேகமான அடிக்கு எதிர்ப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

ஷிம்மின் இறுக்கம் தடிமனின் மூன்றாம் அடுக்கில் போகும். ஒரு 0.20 ஷிம், 0.15 ஷிம் 2.37-க்குச் சமம், ஒரு 0.15, 0.10 ஷிம் 3.4-க்குச் சமம். பிஸ்டனை ஒட்டிய கம்ப்ரெஷன் பக்கத்தில் 40 மி.மீ. விட்டத்தில் 0.20 ஷிம் நான்கு இருக்கிறதென்று வைப்போம். தடிமன்களின் மூன்றாம் அடுக்கைக் கூட்டினால் 0.032. 1.33 மடங்குக்கு 0.0427 வேண்டும். ஒரு 0.20 கூட்டினால் 0.040, அதோடு ஒரு 0.15-ஐயும் சேர்த்தால் 0.0434, போதும். இது முகப்பு ஷிம்களுக்கான முதல் மதிப்பீடு. பின்னால் படிப்படியாகச் சிறுத்துப்போகும் அடுக்கும், கடைசியில் பிடித்திருக்கும் கிளாம்ப் ஷிம்மின் விட்டமும் சேர்ந்தே முழு குணத்தைத் தரும். கிளாம்ப் ஷிம் பெரிதானால் முழு அடுக்கும் விறைக்கும். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கை வைக்காதீர்கள்.

கம்ப்ரெஷனைக் கூட்டுவதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பிஸ்டன் கீழே பாயும்போது அதன் பின்புறம் அழுத்தம் விழுகிறது. நைட்ரஜன் தாங்கிப் பிடிக்கும் அளவைத் தாண்டினால் எண்ணெயில் குமிழி பிறக்கும், அடுத்த அரை விநாடிக்கு டேம்பிங்கே இருக்காது. 150 பிஎஸ்ஐயில், ஷாஃப்டைக் கழித்த பிஸ்டன் பரப்பு 1,508 சதுர மி.மீ. என்றால், பிஸ்டன் அடுக்கு மட்டும் தரக்கூடிய விசை சுமார் 1,550 நியூட்டன்வரை. அதற்கு மேல் வேண்டுமானால் ரிசர்வாயர் பக்கத்து வால்வும் பங்கெடுக்க வேண்டும், அல்லது கேஸைக் கூட்ட வேண்டும். வால்விங்கை விறைப்பாக்கிய பின் ஷாக் முன்பைவிடத் தொளதொள என்றாகி ‘சளக் சளக்’ சத்தம் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பிரித்து மாட்டும்போது

1. கேஸை முழுக்க வெளியேற்றும்வரை எந்த மூடியிலும் ஸ்பேனர் வைக்கக் கூடாது. வால்வு உங்கள் முகத்துக்கு நேராக இருக்கக் கூடாது, துணியால் மூடிக்கொண்டு மெதுவாக அழுத்துங்கள். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.
2. கிளிக்கர்களை முழுக்க மூடி, எத்தனை கிளிக் திறந்திருந்தது என்று எழுதிவிட்டு, முழுக்கத் திறந்துவிடுங்கள்.
3. ஷாஃப்ட் முனை நட்டின் தட்டப்பட்ட விளிம்பைத் தேய்த்து எடுத்தபின் கழற்றுங்கள். அப்படியே முறுக்கினால் மரை போய்விடும். அந்த இரும்புத் தூள் எண்ணெயில் போகக் கூடாது.
4. ஷிம்களை இருந்த வரிசையிலேயே கம்பியில் கோத்து, ஒவ்வொன்றின் விட்டத்தையும் தடிமனையும் மைக்ரோமீட்டரில் அளந்து எழுதுங்கள். வளைந்தது, விளிம்பில் நீலம் பூத்தது, பள்ளம் விழுந்தது எதையும் திரும்பப் போடாதீர்கள். வலது, இடது ஷாக்குகளின் அடுக்கு ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். வாங்கிய பழைய வண்டியில் இருக்காது.
5. சீல், டியூ புஷ், பிஸ்டன் பேண்டு புதிது. நட்டுக்குக் கையேட்டில் உள்ள டார்க், மரைப் பசையோடு.
6. எண்ணெய் ஊற்றி, பிஸ்டனை மெதுவாக ஏற்றி இறக்கிக் கடைசிக் குமிழிவரை வெளியேற்றுங்கள். அவசரப்படும் இடம் இதுதான், ஷாக் கெடும் இடமும் இதுதான்.
7. ரிசர்வாயருக்குள் இருக்கும் மிதவைப் பிஸ்டனைக் கையேடு சொல்லும் ஆழத்தில் நிறுத்துங்கள். 132 மி.மீ. ஸ்ட்ரோக்கில் ஷாஃப்ட் தள்ளும் எண்ணெய் 20 சி.சி.; 40 மி.மீ. ரிசர்வாயரில் மிதவை 16 மி.மீ. நகரும். கேஸுக்கு 40 மி.மீ. நீளம் விட்டிருந்தால் முழு அமுக்கத்தில் அழுத்தம் சுமார் 1.7 மடங்கு ஆகும். 25 மி.மீ.தான் விட்டிருந்தால் கடைசியில் அழுத்தம் பாய்ந்து ஏறும், சீல் தாங்காது.
8. நைட்ரஜன் மட்டும். கம்ப்ரெஸர் காற்றில் ஈரம் இருக்கிறது. சூடேறும்போது அழுத்தம் ஒழுங்கில்லாமல் ஏறும், உள்ளே துருவும் பிடிக்கும். ஆக்சிஜன் சிலிண்டர் பக்கமே போகாதீர்கள். எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

எண்ணெய் பற்றி ஒரு வரி: டப்பாவில் ‘5 வெயிட்’ என்றிருப்பது ஒரு கம்பெனிக்கும் இன்னொன்றுக்கும் வேறாக இருக்கும். 40 டிகிரியில் சென்டிஸ்டோக்ஸ் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். தடித்த எண்ணெய் ஊற்றி டேம்பிங்கைக் கூட்ட நினைக்காதீர்கள்; சூடானதும் மெலிந்து போய்விடும், கம்ப்ரெஷனையும் ரீபவுண்டையும் தனித்தனியாகச் சரிசெய்யும் வாய்ப்பும் போய்விடும்.

ஓட்டிப் பார்க்கும்போது

முதலில் உயரம். மோட்டோகிராஸில் ஃபிரேமின் அடிப்பகுதி முன்னால் பின்னதைவிட அரை அங்குலம்போல உயர்ந்து நிற்க வேண்டும். டோ (சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பும் கோணம்), கேம்பர் (மேலே, கீழே சாயும் கோணம்) இரண்டையும் இந்த உயரத்தில்தான் சரிசெய்ய வேண்டும். உயரம் மாறினால் அவையும் மாறும். கிளிக்கர்களை நடுவில் வையுங்கள். ஷாஃப்டில் ஒரு மெல்லிய கேபிள் டை கட்டிவிட்டால் எவ்வளவு பயணம் பயன்பட்டது என்று காட்டும். ஒரு சுற்றில் மிகப் பெரிய ஜம்ப்பில் மட்டும் கேபிள் டை கடைசியைத் தொட்டால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். ஒருமுறைகூடத் தொடவில்லை என்றால் பயணத்தை வீணாக்குகிறீர்கள்.

பெரிய ஜம்ப்பில் தட்டுகிறது, மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் ரிங் இடைவெளியை 5 மி.மீ. குறைத்து, கிராஸ்ஓவரை முன்னால் கொண்டுவாருங்கள். முதலில் கை வைக்க வேண்டியது ஷிம்மில் அல்ல. வளைவில் வெளிப்பக்கம் விழுகிறது, பிரேக்கில் மூக்கு குத்துகிறது என்றால் ஆரம்ப ரேட் போதவில்லை, அல்லது லோ-ஸ்பீடு கம்ப்ரெஷன் திறந்திருக்கிறது. முன் டயர் பிடிக்காமல் வளைவை விட்டு வெளியே தள்ளினால் அதற்கு நேர்மாறு: முன்பக்கம் மிக உயரம், அல்லது மிக விறைப்பு.

வரிசையாக வரும் மேடுகளில் முதல் மூன்று, நான்கு நன்றாகப் போய், பிறகு முன்பக்கம் படிப்படியாகத் தாழ்ந்து விறைக்கிறது என்றால் ரீபவுண்ட் மெதுவாக இருக்கிறது. ஷாக் நீளுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. இதைக் கம்ப்ரெஷன் குறைவு என்று நினைத்து இறுக்குகிறவர்கள் நிறைய. இரண்டு கிளிக் ரீபவுண்ட் திறந்து பாருங்கள். மாறாக, குதித்து இறங்கியதும் முன்பக்கம் மறுபடி துள்ளினால் ரீபவுண்ட் போதவில்லை. இறுக்கமான ஸ்பிரிங் போட்டு பழைய வால்விங்கை விட்டுவைத்த வண்டி இப்படித்தான் காட்டும்.

ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம், இரண்டு பக்கமும் ஒரே அளவு, எழுதிவைத்துக்கொண்டு. நல்ல இடம் என்று நீங்கள் முடிவு செய்தது கிளிக்கரின் இரு கடைசியிலிருந்தும் மூன்று கிளிக்குக்குள் இருந்தால், ஷிம் அடுக்கு இன்னும் சரியாகவில்லை, பிரித்து 0.15 ஷிம் ஒன்றைக் கூட்டியோ எடுத்தோ, கிளிக்கரை நடுவுக்குக் கொண்டுவரும்படி செய்யுங்கள். புது ஸ்பிரிங் முதல் சில மணி நேர ஓட்டத்தில் கொஞ்சம் படியும். அதன்பிறகு உயரத்தையும் ரிங் இடைவெளியையும் மறுபடி அளந்து, காலர் லாக் ஸ்க்ரூவை இறுக்கிவிடுங்கள்.